கோனி வாயை மூடிய மாதம்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை யொலாண்டா பிரிஸ்கோ குப்பைத்தொட்டியைத் தெருவோரத்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது, எதிர்வீட்டு வேட் ஹோல்காம் தன் வாசலில் நின்று கையை ஆட்டினார். வருஷக்கணக்காக ஆட்டுகிற கைதான். அன்றைக்கு அது வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. பதிலுக்குக் கையைத் தூக்கினாளா, தொட்டியின் மூடியைத்தான் தூக்கினாளா என்று அவளுக்கே நினைவில்லை. உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

பட்டப்பகலில், வாஷிங்டனுக்குப் பக்கத்துப் போவி மாதிரி ஊரில், கதவைத் தாழிடுகிறவர்கள் ஒன்று புதிதாகக் குடிவந்தவர்களாக இருக்கவேண்டும், இல்லையென்றால் ஏதாவது செய்துவிட்டு வந்தவர்களாக இருக்கவேண்டும்.

"யாரு துரத்துறாங்க?" என்றான் கர்ட்டிஸ், நாளிதழுக்குப் பின்னாலிருந்து.

"வேட் கை ஆட்டினாரு."

"அடப்பாவி. போலீஸைக் கூப்பிடவா?"

கர்ட்டிஸுக்கு எல்லாமே வேடிக்கை. வாரத்துக்கு மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போய் எந்திரத்தோடு படுத்திருக்கிறவனுக்கு, மற்ற நாட்களில் சிரிக்காவிட்டால் எப்படி? ஆனால் அந்த எந்திரத்துக்கான காப்பீடு யொலாண்டாவின் அரசாங்க வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. சிற்றூர்களின் குடிநீர்க் குழாய்களுக்கு நிதி ஒதுக்கும் ஒரு சின்னப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலி போனால் எந்திரம் போகும். அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

வேட் ஹோல்காம் கெட்டவர் இல்லை. அதுதான் தொந்தரவே. பனி கொட்டினால் தன் வாசலோடு நாலு வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போவார். ஆனால் அவருக்கு வேலை வாஷிங்டனில், பழமைவாதிகளின் ஆய்வு நிறுவனம் ஒன்றில். அங்கே பெரிய பெரிய மூளைகள் கூடி, தங்கள் பக்கம் ஜெயித்தால் அரசாங்கத்தை எப்படிக் கழற்றி எப்படி மாட்டுவது என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதியிருந்தார்கள். எந்த இலாகாவை மூடுவது, எதை மாநிலங்களின் தலையில் கட்டுவது, எந்த ஊழியர்களை வேண்டும்போது அனுப்பிவிடக்கூடிய வகையில் மாற்றிவைப்பது, எல்லாம் அதில் உண்டு. சில பக்கங்கள் வேட் எழுதியவை. தெருவின் கோடை விருந்தில் நண்டை உடைத்துக்கொண்டே அதைப் பெருமையாகச் சொன்னவரும் அவர்தான். இப்போது அவர்கள் பக்கம் ஜெயித்துவிட்டது.

அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தவர் தெருவில் ஒருவரும் கிடையாது. ஆனால் அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் அலுவலகத்தின் பெயரை அதில் தேடிவிட்டார்கள். யொலாண்டாவும் தேடினாள். அவள் பிரிவுக்கு நாலே வரி. இந்தப் பிரிவு அவசியமில்லை, இந்த வேலையை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளும், பணியாளர்களைக் கலைக்கலாம். கோபமாகக்கூட எழுதியிருக்கவில்லை. தேவையில்லாத பொத்தானைச் சட்டையிலிருந்து பிய்த்தெறிகிற மாதிரி எழுதியிருந்தது. அந்த அலட்சியம்தான் அவளை உறைய வைத்தது.

யொலாண்டா சும்மா இருக்கிறவள் இல்லை. கோடையிலேயே வேறொரு இலாகாவுக்கு மனுப் போட்டுவிட்டாள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடம். அதே புத்தகம் அதை விரிவாக்கவேண்டும் என்று சொல்லியிருந்தது. நேர்காணல் முடிந்தது, வேலையும் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு முடிச்சு பாக்கி: பின்னணி விசாரணை. அது முடிந்து, ஜனவரியில் புது அரசாங்கம் பதவியேற்பதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடவேண்டும். பதவியேற்ற அன்றே ஆள் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. அதற்குள் போனால் பிழைத்தாள். போகாவிட்டால் அந்த நாலு வரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

பின்னணி விசாரணை என்பது இந்த வட்டாரத்தில் தபால்காரர் வருகிற மாதிரி. இரகசியம் கையாளும் வேலைக்கு யாராவது போனால், கழுத்துப்பட்டையும் அடையாள அட்டையுமாக ஒருவர் வந்து அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டுவார். இவர் குடிப்பாரா, கடன் உண்டா, வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகிறார்களா, வீட்டில் சண்டை கேட்குமா? இவர்கள் குடியிருந்த பின்-ஓக் தெருவில் அந்த ஆட்கள் வேறெங்கும் போக வேண்டியதே இல்லை. மூலைவீட்டுக் கோனி சப்பியென்சாவிடம் வந்தால் போதும். காப்பியும் பாதாம் பிஸ்கோத்தும் வைத்து, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்லி அனுப்புவாள். கோனியின் வாயால் அனுமதி வாங்கியவர்கள் தெருவில் ஐந்தாறு பேர். 'எங்க வீட்டு நாய்க்கு எத்தனை குட்டிங்கறதுகூட அரசாங்கத்துக் கோப்புல இருக்கு' என்று அதே தெருப் பெனீட்டஸ் அம்மாள் ஒருமுறை நொந்துகொண்டாள்.

இப்படிப்பட்ட கோனியின் வாய்க்குத்தான் யொலாண்டா பூட்டுப் போட்டாள்.

காரணம், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி ஃபிலிஸ். தேர்தல் முடிந்த வாரம் அவள் காதருகே வந்து சொன்னாள்: "யாரோ சுத்திக்கிட்டிருக்காங்களாம் யோலி. எந்தெந்த ஊழியரு புது அரசாங்கத்துக்குக் குறுக்க நிப்பாங்கன்னு பேரு சேக்கறாங்களாம். சாதாரண ஆளு மாதிரி வருவாங்களாம். அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்களாம்."

"எனக்குப் பின்னணி விசாரணை வேற நடக்குதே. அதுக்கும் வீட்டாண்ட வருவாங்களே?"

"அய்யே, அதெல்லாம் அந்தக் காலம். இடம் மாறிப் போறவங்களுக்கு இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே பாத்துடறாங்க. கதவு தட்டறதெல்லாம் நின்னுபோச்சு."

ஃபிலிஸ் பெரிய மனுஷியாகச் சொன்ன இரண்டையும் யொலாண்டா நம்பினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆறுதல் சொல்கிறவள் மட்டும் தேவதை. அன்று மாலையே அலுவலக உடையைக்கூட மாற்றாமல் கோனி வீட்டுக்குப் போனாள்.

"கோனி, எனக்கு ஒரு உதவி. என்னைப் பத்தி யாராவது வந்து விசாரிச்சா, தெரியாதுன்னு சொல்லிடு."

கோனி அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த கரண்டியோடு திரும்பினாள். "என்ன தெரியாது?"

"எதுவுமே தெரியாது. நான் யாருன்னே தெரியாது."

"எதிர்த்தாப்புல பதினெட்டு வருஷமா இருக்கே. உன் பொண்ணு கல்யாணத்துக்கு மூணு தட்டு கன்னோலிப் பலகாரம் பண்ணிக் குடுத்தேன். தெரியாதாமே!"

"கோனி, கர்ட்டிஸ் மேல ஆணையா சொல்றேன். விளையாட்டு இல்ல. கழுத்துப்பட்டை கட்டிட்டு எவன் வந்தாலும் நம்பாதே. அட்டை காட்டினாலும் நம்பாதே. நீ ஒரு வார்த்தை சொன்னா என் சோறு போயிடும்."

கோனி கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த மாதிரி வேலை அவளுக்கு வாழ்நாளில் யாரும் கொடுத்ததில்லை. "தெருவுல மத்தவங்க?"

"அவங்ககிட்டயும் நீதான் சொல்லணும். வேட்கிட்ட மட்டும் மூச்சு விடாதே. அந்தாளு காதுல விழுந்தா முடிஞ்சுது கதை."

கோனி வாயில் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுவுதொட்டியில் எறிவதுபோல சைகை செய்தாள். யொலாண்டா நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? ஆனால் கோனி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அங்கேதான் வந்தது வினை.

நவம்பர் கடந்தது. நன்றி சொல்லும் திருநாளுக்கு யொலாண்டா வான்கோழி வறுத்தாள், சர்க்கரைவள்ளி அடை சுட்டாள், எதையும் ருசி பார்க்கவில்லை. வேட் வாசலில் இருந்தால் பின்கதவு வழியாகப் போனாள். அலுவலகத்தில் ஆட்கள் தங்கள் குடும்பப் படங்களை மேசையிலிருந்து ஒவ்வொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து தொலைபேசி வந்தால் முதல் மணியிலேயே எடுத்தாள். அந்தப் புது இலாகாவிலிருந்து மட்டும் அழைப்பு வரவேயில்லை.

டிசம்பர் நடுவில் ஒரு மதியம் அந்த அழைப்பு வந்தது. பேசியது ஆள் சேர்க்கும் பிரிவில் இருக்கிற பாம் என்ற பெண். தேன் தடவிய குரல்.

"மிஸ் பிரிஸ்கோ, ஒரு சின்ன விஷயம். நீங்க குடுத்த விலாசத்துல நெஜமாவே குடியிருக்கீங்களா?"

"இதென்ன கேள்வி? பதினெட்டு வருஷமா."

"இல்ல, எங்க விசாரணை அதிகாரி மிஸ்டர் ஆஷ்பி உங்க தெருவுக்கு வந்திருந்தாரு. மூணு வீட்டுல கேட்டிருக்காரு. மூணு பேருமே உங்களைக் கேள்விப்பட்டதே இல்லைன்னுட்டாங்களாம். மூலைவீட்டு அம்மா, 'இந்தத் தெருவுல பிரிஸ்கோன்னு யாருமே இருந்ததில்ல, நீ யாருப்பா, உன் அம்மா பேரென்ன'ன்னு அவரையே விசாரிச்சிருக்காங்க."

யொலாண்டா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலாவதா ஒருத்தர் மட்டும்தான் உங்களைத் தெரியும்னாரு," என்றாள் பாம். "எதிர்வீட்டு மிஸ்டர் ஹோல்காம்."

"அவரு... அவரு என்ன சொன்னாரு?"

"அதை நான் சொல்லக்கூடாது. ஆனா ஒரு சாட்சி போதாது. அதோட மிஸ்டர் ஆஷ்பிக்குச் சில கேள்வி இருக்கு. பண்டிகை விடுமுறை வேற வருது. இந்தக் கோப்பு இப்படியே நின்னா, ஜனவரிக்குள்ள கஷ்டம்தான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அடுத்தவள் வாயை மூடிக் கெட்டது.

அவள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தாள். வழி முழுக்க அவள் கண்முன் வேட்டின் கை ஆடிக்கொண்டே இருந்தது. எல்லாக் கதவையும் தன் கையாலேயே சாத்திவிட்டு, திறந்திருந்த ஒரே கதவை அந்த மனிதரிடம் விட்டுவைத்திருக்கிறாள். என்ன சொல்லியிருப்பார்? கோடை விருந்தில் அவள் பேசியது ஞாபகமிருக்குமா? 'உங்க ஆளுங்க வந்தா குழாய்க்கு நான் குறுக்க படுத்துப்பேன்' என்று நண்டுச் சுத்தியலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தாளே!

கோனி கதவைத் திறந்ததுமே பெருமையாகச் சிரித்தாள். "வந்தான்டி ஒருத்தன்! அச்சு அசல் அதிகாரி மாதிரி. அட்டை எல்லாம் வச்சிருந்தான். நான் அசைஞ்சேனா? காப்பிகூடக் குடுக்கலை. உன்கிட்ட சொன்னா நீ இன்னும் பயப்படுவேன்னு, உன்கிட்டயே சொல்லலைன்னா பாத்துக்கோ!"

"கோனி, அவரு நெஜ அதிகாரி."

"ஆங்?"

"என் புது வேலைக்கு வந்தவரு. நீ பேசியிருந்தா எனக்கு வேலை."

கோனியின் முகம் மாவு மாதிரி வெளுத்தது. அப்புறம் சிவந்தது. "வாயத் தொறந்தா ஊர்வம்பும்பீங்க. மூடினா குடிகெடுத்தவளா? இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மூடினேன் யோலி! நாக்கு எப்படி நமநமன்னுச்சு தெரியுமா? பெனீட்டஸ் அம்மாவை ஒத்திகை பாக்க வச்சு 'நோ நோ'ன்னு சொல்லிக் குடுத்ததே நான்தான்!"

"அதிகாரிகிட்ட பொய் சொன்னா குத்தமாமே," என்றாள் யொலாண்டா, தன்னையறியாமல்.

கோனி உட்கார்ந்துவிட்டாள். "என்னை உள்ள போட்டுருவாங்களா?" என்று கேட்ட குரல் சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. அந்தச் சமையலறையில் இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஆள் யாருமில்லை. தெருவில் கிறிஸ்துமஸ் விளக்குகள்தான் எரிந்துகொண்டிருந்தன.

வேட் வீட்டுக்குத் தனியாகத்தான் போகவேண்டியிருந்தது. கோனி ஜன்னல்வரைக்கும்தான் துணை.

"பின்கதவு வழியா வருவீங்கன்னு நெனச்சேன்," என்றார் வேட், கதவைத் திறந்து. கையில் பாத்திரம் துடைக்கிற துணி. "இப்பல்லாம் அந்தப் பக்கமாத்தானே போக்குவரத்து?"

அவளுக்கு முகம் சுட்டது. "என்னைப் பத்தி விசாரிக்க வந்தவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"வேட், ப்ளீஸ்."

அவர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நாணயமானவங்களான்னு கேட்டாரு. இரவல் வாங்கின ஏணியைத் துடைச்சுத் திருப்பிக் குடுக்கற ஒரே ஆளு இந்தத் தெருவுல அவங்கதான்னேன். சட்டத்தை மதிப்பாங்களான்னாரு. சில சமயம் சட்டத்துக்கே பாடம் எடுப்பாங்கன்னேன். இரகசியத்தை நம்பிக் குடுக்கலாமான்னாரு. குடுக்கலாம்னேன்."

யொலாண்டாவுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு கோபமாக மாறியது. பயந்தவர்களுக்கு அப்படித்தான். "அப்ப என் ஆபீஸை மட்டும் மூடணும்? அந்த நாலு வரி?"

"அதை எழுதினது நான் இல்ல. ஆனா படிச்சப்போ சரின்னுதான் பட்டுது."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்றீங்க."

"முதுகுக்குப் பின்னாடி சொன்னா பரவாயில்லையா?" வேட் பெருமூச்சு விட்டார். "யோலி, ஜனங்க ஓட்டுப் போட்டு ஒருத்தனை அனுப்பறாங்க. நாலு வருஷம் ஆனாலும் இந்த ஊர்ல ஒரு நாற்காலி அசைய மாட்டேங்குது. அப்புறம் எதுக்கு ஓட்டு? நாங்க எழுதினது நாற்காலியைப் பத்தி. உட்காந்திருக்கற ஆளைப் பத்தி இல்ல."

"நாற்காலியைத் தூக்கினா உட்காந்திருக்கறவ கீழ விழமாட்டாளா? கர்ட்டிஸ் எந்திரத்துக்கு நாற்காலியா பணம் கட்டுது?"

வேட் தோளிலிருந்த துணியை எடுத்து மறுபடி மடித்தார். பிறகு, "இன்னொண்ணும் சொல்லணும்," என்றார். "சமீபத்துல நடத்தையில ஏதாவது மாற்றம் உண்டான்னு அவரு கேட்டாரு. தேர்தலுக்கப்புறம் எதுக்கோ பயந்த மாதிரி இருக்காங்கன்னு சொன்னேன். நான் பொய் சொல்றதில்ல."

யொலாண்டா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு பெண், திடீரென்று பயந்திருக்கிறாள். தெருவே அவளைத் தெரியாது என்று சாதிக்கிறது. விசாரணை அதிகாரியின் கண்ணில் அது என்னவாகப் படும்? யாரோ அவளை மிரட்டுகிறார்கள், இல்லையென்றால் அவள் எதையோ மறைக்கிறாள். வேட் நல்லது சொல்லியே அவளைப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்திவிட்டார்.

ஆஷ்பியை மறுபடி அனுப்பச் சொல்லிப் பாமுக்குத் தினமும் போன் போட்டாள். தேன்குரல் மெல்ல மெல்ல முறிந்த பாகாக இறுகியது. கிறிஸ்துமஸ் வந்தது, பேரப்பிள்ளைகள் வந்தார்கள், பரிசுகளைப் பிரித்தார்கள். எதற்குச் சிரித்தோம் என்று யொலாண்டாவுக்கு நினைவில்லை. கர்ட்டிஸ்கூட ஒருநாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எந்திரத்துக்கு ரெண்டு நாளைக்கு ஒருதரம் போறதுக்குப் பதிலா வாரத்துக்கு ஒருதரம் போனா ஆகாதா? டாக்டரைக் கேட்டுப் பாக்கறேன்," என்றான், விளையாட்டாகச் சொல்வதுபோல. அவள் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஜனவரி பிறந்து, பனி கொட்டி, வேட் நாலு வாசலையும் தள்ளி முடித்த ஒரு பிற்பகலில், சாம்பல் நிறக் கார் ஒன்று கோனி வீட்டு முன்னால் வந்து நின்றது. ஆஷ்பி இறங்கினார். உயரம், ஒல்லி, ஜலதோஷம்.

யொலாண்டா தன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோனியின் ஜன்னலில் திரை முழுக்க விலக்கியிருந்தது. கோனியின் கைகள் தெரிந்தன. மேலே போயின, கீழே போயின, வட்டம் போட்டன, நெஞ்சில் அடித்துக்கொண்டன. ஆஷ்பியின் முன்னால் பிஸ்கோத்துத் தட்டு இரண்டு முறை நிரம்பியது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதினார்.

"இவ்ளோ நேரமா என்னத்தப் பேசறா?" என்றாள்.

"நம்ம கல்யாணத்துலேருந்து ஆரம்பிச்சிருப்பா," என்றான் கர்ட்டிஸ். "விவாகரத்துக்கு நீ யோசிச்ச அந்த ஒரு வாரத்தையும் விட்டிருக்கமாட்டா."

யொலாண்டா திரும்பி அவனைப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"கோனிதான் சொன்னா."

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஆஷ்பி தெருவைக் கடந்து வந்து மணியை அடித்தார். அவர் சட்டையில் பாதாம் தூள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், மூக்கைச் சிந்தினார்.

"மேடம், அந்த அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நான் கேக்காததெல்லாம்கூட." கொஞ்சம் தயங்கினார். "எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்களைத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லி அக்கம்பக்கத்துல கேட்டுக்கிட்டது நீங்கதானா?"

தப்பிக்க வழி இருந்தது. கோனி தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று சொல்லிவிடலாம். கோனியைப் பற்றி எது சொன்னாலும் யாரும் நம்புவார்கள். நாக்கின் நுனிவரை அந்தப் பொய் வந்துவிட்டது. ஆனால் கோனி மேல் பழியைப் போட்டால் கோனியின் கதி? 'என்னை உள்ள போட்டுருவாங்களா' என்று கேட்ட அந்தக் குரல்?

"நான்தான்," என்றாள் யொலாண்டா.

"ஏன்?"

"பயந்துட்டேன்."

"யாருக்கு? யாராவது உங்களை மிரட்டறாங்களா? வெளிநாட்டுக்காரங்க யாராவது?"

"இல்லை. எந்த வெளிநாடும் இல்லை. என் ஆபீஸை மூடணும்னு எழுதி வச்சிருக்காங்க. பேரு சேக்கறாங்கன்னு சொன்னாங்க. யாரு சேக்கறாங்க, நெஜமாவே சேக்கறாங்களா, எதுவும் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் கை ஆட்டினாக்கூடப் பயமா இருந்துச்சு. என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை. அவ்வளவுதான் மிஸ்டர் ஆஷ்பி. இதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்களோ எழுதிக்குங்க."

ஆஷ்பி பேனாவை மூடினார். "இந்த மாசம் நான் போற வீடெல்லாம் இப்படித்தான் இருக்கு," என்றார், கோப்பைப் பார்த்துக்கொண்டே. "ரொம்ப பேசறவங்க பேசறதில்ல. பேசாதவங்க வாசல்ல நின்னு அழறாங்க." பிறகு பேனாவைத் திறந்தார். "எழுதறது மட்டும்தான் என் வேலை. முடிவு பண்றது வேற ஆளு."

"நல்லா எழுதுவீங்களா?"

"நடந்ததை எழுதுவேன்."

அவர் போனதும் கோனி பனியில் சறுக்கிக்கொண்டே ஓடிவந்தாள். "பாட்டி காலத்துக் கதை வரைக்கும் சொல்லிட்டேன்! மன்னிப்பும் கேட்டேன். என்னை உள்ள போடமாட்டாராம். சரி, உன்னை என்ன கேட்டாரு? முகம் ஏன் இப்படி இருக்கு? சொல்லு சொல்லு!"

பதவியேற்பு வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை பாமிடமிருந்து போன் வந்தது. குரலில் மறுபடி தேன்.

"வாழ்த்துகள் மிஸ் பிரிஸ்கோ! அனுமதி வந்துடுச்சு. நாளைக்கே வந்து சேந்துடுங்க, திங்கட்கிழமை பதவியேற்புக்கப்புறம் யாரையும் எடுக்கமுடியாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. காப்பீடு ஒருநாள்கூட விடுபடாது, நானே பாத்துட்டேன்."

யொலாண்டா கர்ட்டிஸைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவன் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு ஆட்டம் ஆடினான்.

"அப்புறம் ஒரு சம்பிரதாயம்," என்றாள் பாம். "இது வேற வகைப் பதவி இல்லையா? அதனால நீங்க புதுசா சேர்றவங்க கணக்குதான். ரெண்டு வருஷம் தகுதிகாண் பருவம். தெரியும்தானே?"

யொலாண்டாவுக்குத் தெரியும். அவளே எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறாள்! நிரந்தர ஊழியரை அனுப்பவேண்டுமானால் காரணம் சொல்லவேண்டும், நோட்டீஸ் கொடுக்கவேண்டும், பதில் கேட்கவேண்டும். தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு அப்படி எந்தச் சடங்கும் கிடையாது. 'நாளையிலேர்ந்து வரவேண்டாம்' என்றால் கதை முடிந்தது. இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து சேர்த்த கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மூடப்போகிற வீட்டிலிருந்து கூரையில்லாத வீட்டுக்கு அவள் குடிபோகிறாள். இத்தனை மாதப் பயத்தில் அதை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

"ஹலோ? மிஸ் பிரிஸ்கோ? லைன்ல இருக்கீங்களா?"

கர்ட்டிஸ் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"இருக்கேன்," என்றாள். "நாளைக்கு வரேன்."

மறுநாள் காலை புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சேர வந்தவர்களையெல்லாம் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். இப்போதுதான் படிப்பு முடித்த இளைஞர்களாக இருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். எல்லாம் நரைத்த தலைகள். கல்வி இலாகாக்காரர் ஒருவர், வானிலை இலாகாக்காரர் ஒருவர், வீட்டுவசதியில் கால் நூற்றாண்டு இருந்த அம்மாள் ஒருத்தி, அவளுக்குப் பக்கத்தில் கைத்தடியோடு இன்னொருவர். ஒவ்வொருவரும் அந்தப் புத்தகத்தில் தன் அலுவலகத்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு ஓடிவந்தவர்கள். அது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மேல்கோட்டை யாரும் கழற்றவில்லை.

"நீங்களும் புரொபேஷனா?" என்று பக்கத்துக் கைத்தடிக்காரர் மெல்லக் கேட்டார்.

"எல்லாரும்தான்," என்றாள் யொலாண்டா.

அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவளும் பார்த்தாள். வலை போடுகிறவன் குளம் குளமாக அலையவேண்டியதில்லை. எல்லா மீனும் பயந்து ஓடிவந்து ஒரே குட்டையில் கூடியிருக்கிறது. இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

முன்னால் நின்ற பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உறுதிமொழி எடுக்கவேண்டும், எழுந்திருங்கள், வலது கையைத் தூக்குங்கள் என்றாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. யொலாண்டா கையைத் தூக்கினாள். இடது கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கூடவே சொல்ல ஆரம்பித்தாள்.